வடக்கைப் பார்த்த கண்ணாடி

ஆக்லாந்தில் சூரியன் வடக்குப் பக்கமாகத்தான் போகும். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களிடம் இதைச் சொன்னால் முதலில் நம்ப மாட்டார்கள். அக்காவும் நம்பவில்லை. வந்த முதல் வாரம் முழுக்கக் குசினி யன்னலருகே நின்று, வெயில் எந்தச் சுவரில் விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். "இஞ்ச எல்லாம் மாறித்தான் கிடக்கு" என்று கடைசியில் ஒத்துக்கொண்டாள்.

எங்கள் வீடு பிளாக்ஹவுஸ் பேயில், கடலை நோக்கி இறங்கும் ஒரு தெருவில் இருந்தது. மோட்கேஜில் வாங்கிய பழைய மரவீடு. பின்பக்கம் ஒரு மரத்தளம்; இங்கே அதை டெக் என்பார்கள். டெக்கை ஒட்டி உடுப்புத் தோய்க்கும் சிறிய அறை. நிலம் சரிவானதால் அந்த அறையின் தகரக்கூரை டெக்கில் நிற்பவருக்கு இடுப்பளவுதான் இருக்கும். அந்தக் கூரையில் வடக்கைப் பார்த்துச் சாய்ந்திருந்தது என் பெருமை. கண்ணாடி போட்ட ஒரு கறுப்புப் பெட்டி. வெயில் அதன் குழாய்களைச் சூடாக்கும், சூடான தண்ணீர் சிலிண்டருக்குப் போகும், நாங்கள் குளிப்போம். வெயில் போதாத நாட்களில் சிலிண்டரில் உள்ள கரண்ட் கம்பி மீதியைப் பார்த்துக்கொள்ளும். தெருவில் போகிறவர்களுக்குக்கூட அது பளிச்சென்று தெரியும். தெரியட்டும் என்றுதான் வைத்தேன்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களின் மின்வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தேநீர் இடைவேளையை அங்கே ஸ்மோக்கோ என்பார்கள். அந்த நேரத்தில் மற்றவர்கள் ரக்பி பேசுவார்கள், நான் வெயில் பேசுவேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நிலக்கரியும் எரிவாயுவும் எரித்து விடும் புகைக்கு அரசாங்கம் ஒரு வரி போடலாமா என்று நாடே வாதாடிக்கொண்டிருந்தது. மின்சாரம் விற்பவர்கள் எல்லாம் கம்பனிகளாகிவிட்டார்கள். வரி போட்டால் தொழிற்சாலைகள் மூடப்படும் என்று எங்கள் சூப்பர்வைசர் மேசையில் தட்டிச் சொன்னார். போடாவிட்டால் பூமி கொதிக்கும் என்றேன் நான். பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதுவேன். எப்போதாவது ஒன்று, பாதி வெட்டப்பட்டு, வெளிவரும். அதை வெட்டி எடுத்துக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டுவேன். மனைவி அதன்மேல் சந்தைக்குப் போகும் சீட்டை ஒட்டிவிடுவாள்.

இந்தப் பைத்தியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியும். நான் ஊரைவிட்டு வெளிக்கிட்ட கொஞ்ச காலத்தில் யாழ்ப்பாணத்துக்குக் கரண்ட் நின்றுபோனது. முழுக் குடாநாடும் வருடக்கணக்காக இருட்டில் கிடந்தது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்ச மண்ணெண்ணெயும் வைத்துப் பிள்ளைகள் சோதனைக்குப் படித்தார்கள். ரேடியோவுக்குப் பட்டறி இல்லாமல் சைக்கிளைக் கவிழ்த்து, பெடலைச் சுற்றி, டைனமோ கரண்டில் செய்தி கேட்டார்கள். இதெல்லாம் கடிதங்களில் வரும். நான் இங்கே சுவிட்சைப் போடும்போதெல்லாம் ஒரு கோபம் வரும். அந்தக் கோபத்திலிருந்து ஒரு வசனம் செய்து வைத்திருந்தேன். கரண்டை வெட்டலாம், வெயிலை யாரும் வெட்ட ஏலாது. கோயில் சாப்பாட்டில், பிறந்தநாள் விழாவில், ஸ்மோக்கோவில் என்று எங்கும் இதைச் சொல்லுவேன். கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். எனக்கு அது போதும்.

பெட்டியைச் செய்தவர் ஒரு பிஜிக்காரர். தொழில் பிளம்பர். ஒடாஹுஹுவில் ஒரு தகரக் கொட்டகையில் செப்புக் குழாய்களை வளைத்து ஒட்டிக்கொண்டிருப்பார். கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், ஆனால் அவருக்கு எஞ்சியிருந்த தமிழ் ஒரு கைப்பிடிதான். வா, போ, அக்கா, சோறு, தண்ணி. மீதியெல்லாம் இந்தியும் ஆங்கிலமும். தன் பெட்டியைப் போல இந்தத் தென்கடலில் வேறு எவனும் செய்யவில்லை என்று சத்தியம் பண்ணுவார். இரண்டு நிமிடம் பேசினால் ஒரு நிமிடம் தன் புகழ்தான். அவர் தன் பிழையை ஒத்துக்கொண்டு நான் கண்டதில்லை. குழாய் ஒழுகினால் தண்ணீரில் குற்றம் சொல்லுவார்.

வயோதிபர்களுக்கென்று நகரசபை வாடகைக்கு விடும் சிறிய வீடுகளில் பழைய சிலிண்டர்களை மாற்ற வேண்டியிருந்தது. மாற்றும் கையோடு வெயில் பெட்டிகளை வைக்கலாமே என்று எங்கள் பகுதியில் ஒரு சின்னக் கூட்டம் மனுப் போட்டது. நானும் அதில் ஒருவன். சரி, முதலில் விருப்பமுள்ளவர்களின் சில வீடுகளில் ஒரு கோடைகாலம் வைத்துப் பார்ப்போம் என்றார்கள். மின்சாரம் விற்கும் ஒரு கம்பனி, நாங்களே அளந்து தருகிறோம் என்று பெரிய மனதோடு முன்வந்து, சுடுதண்ணீருக்கு மட்டும் தனி மீட்டர் பூட்டியது. என் வீடும் அந்தச் சில வீடுகளில் ஒன்று. பிஜிக்காரருக்குக் கால் நிலத்தில் படவில்லை. நகரசபை ஓம் என்றால் அவருடைய கொட்டகை தொழிற்சாலையாகிவிடும்.

அந்தக் கோடைக்குச் சற்று முன்னால்தான் அக்கா வந்தாள். யாழ்ப்பாணமே காலியான பெரிய இடம்பெயர்வில் சாவகச்சேரிப் பக்கம் போய், வன்னிக்குள் இருந்து, பிறகு கொழும்பில் அலைந்து, ஒருவழியாக வந்து சேர்ந்தாள். வந்தது விசிட் விசாவில். இங்கேயே இருக்க விண்ணப்பம் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தோம். அத்தான் இல்லை. பொம்மர் விமானம் குண்டு போட்டதில் போய்விட்டார் என்று பல மாதம் பிந்திய ஒரு கடிதத்தில் அறிந்திருந்தேன். அதற்கு மேல் அவள் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை.

அவள் வந்ததிலிருந்து வீட்டில் வேறு ஒரு காது முளைத்த மாதிரி இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் கடலுக்கு அப்பால் விமான நிலையம். நாங்கள் விமானச் சத்தத்தைக் கேட்பதை எப்போதோ விட்டுவிட்டோம். அவளோ எங்களுக்குக் கேட்பதற்கு முன்பே கேட்டுவிடுவாள். கதைத்துக்கொண்டிருப்பவள் சொல்லின் நடுவில் நிற்பாள். கண் மேலே போகாது, நிலத்தைப் பார்க்கும். பிறகு யன்னல் கண்ணாடி மெல்ல அதிரும். விமானம் போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடருவாள். முதலில் எனக்கு அது வேடிக்கையாகவும் இருந்தது. பிறகு, அவள் நின்றால் நானும் நிற்கத் தொடங்கினேன். கோப்பையைக் கையில் பிடித்தபடி இரண்டு பேரும் குசினியில் அசையாமல் நிற்போம். அந்த அமைதிக்குள் வேறு யாரோ வந்து எங்களோடு நிற்பது போல எனக்கு ஒரு கூச்சம் தோன்றும்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. விடிய முன்பே, இருட்டோடு குளித்துவிடுவாள். பகலில் குளித்து நான் காணவில்லை. நல்ல பக்தி என்று மனைவி மெச்சினாள்.

கோடை வந்தது. நல்ல வெயில், வெளியே நின்றால் தோலுரிக்கும். மாதம் முடிய அரைக் காற்சட்டையும் முழங்கால்வரை காலுறையும் போட்ட ஒரு மனிதர் வந்து மீட்டரைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். மற்ற வீடுகளிலெல்லாம் கரண்ட் குறைந்திருந்தது. எங்கள் வீட்டில் பெட்டி வைத்ததும் வைக்காததும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அடுத்த மாதமும் அப்படியே. ஊரெல்லாம் வெயில் பேசிய என் வீட்டில்தான் வெயில் வேலை செய்யவில்லை.

பிஜிக்காரர் ஒரு சனிக்கிழமை வந்து கண்ணாடியைத் தட்டினார், குழாயைத் தொட்டுக் கையைச் சுட்டுக்கொண்டார். "கொதிக்கிறது பாய், உனக்கு இன்னும் என்ன வேண்டும்?" என்று ஆங்கிலத்தில் கத்தினார். அக்கா அவருக்குப் புட்டும் மீன்குழம்பும் வைத்தாள். அவர் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "அக்கா, சோறு... நல்ல" என்று தன்னிடமிருந்த தமிழில் பாதியைச் செலவழித்தார். புட்டைச் சோறு என்றதற்கு அவள் சிரித்தாள். இங்கே வந்த பிறகு அவள் சிரித்து நான் கண்டது அன்றுதான்.

எனக்குக் காரணம் தெளிவாகத் தெரிந்திருந்தது. "மீட்டரில ஏதோ விளையாட்டுக் காட்டிப்போட்டாங்கள். கம்பனிக்காரன் சும்மா பூட்டித் தருவானே?" என்று மனைவியிடம் சொன்னேன்.

"உங்களுக்கு எல்லாரும் கள்ளர்தான்" என்றாள் அவள்.

"நீர் சும்மா இரும். எனக்குத் தெரியும்."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒருநாள் தொழிற்சாலையில் பெரிய இயந்திரம் ஒன்று பழுதாகி, பாகம் வரும்வரை வேலையில்லை என்று மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். தெருவில் காரைத் திருப்பும்போதே வழக்கம்போல் கூரையைப் பார்த்தேன். மினுக்கம் இல்லை. உச்சி வெயில், கண்ணாடி மட்டும் செத்துக் கிடந்தது. நான் வந்த புதிதில் ஒரு தேவாலயத்தில் கொடுத்த மண்ணிறக் கம்பளிப் போர்வை அதன்மேல் கிடந்தது. மூலைகளில் செங்கல் வைத்து, காற்றுக்குப் பறக்காமல், கை நன்றாகப் பழகிய ஒருவர் செய்த வேலை. கார்ச் சத்தம் கேட்டு அக்கா டெக்குக்கு ஓடி வந்தாள். செங்கல்லை எடுத்துப் போர்வையை இழுத்துச் சுருட்டத் தொடங்கினாள். நான் மேலே ஏறி வந்தபோது அது அவள் கையில் இருந்தது.

கோபம் எனக்கு மூக்கு நுனியில். "அக்கா, என்ன செய்யிறீங்கள்? ஒவ்வொரு நாளும் மூடுறனீங்களே?"

"நீங்கள் இல்லாத நேரத்தில மட்டும்தான்."

"ஏன்?"

"பிளேன் போகுது தம்பி."

"அக்கா, இது நியூசிலாந்து. அது ஆக்கள் போற பிளேன். சிட்னிக்குப் போகுது."

"போகட்டும். அதுக்கு இது தெரியுமெல்லே" என்றாள். விரலால் கண்ணாடியைக் காட்டினாள். "உவ்வளவு பளபளப்பா ஒண்டை வீட்டுக்கு மேல வைச்சிருக்கிறாய். றோட்டால வாற எனக்கே கண் கூசுது."

நான் கத்தினேன். மீட்டர், நகரசபை, கூட்டம், பிஜிக்காரர், என் மானம் என்று எல்லாவற்றையும் அடுக்கினேன். அவள் போர்வையை மடித்துக்கொண்டே கேட்டாள். மடித்து முடித்ததும், மடிப்பை அவிழ்த்து மறுபடியும் மடித்தாள். அப்போதுதான் நான் வாயை மூடினேன்.

அன்று பின்னேரம் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டு, மனைவியும் நானும் இருக்க, அவள் சொன்னாள். அழவில்லை. சந்தையில் நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள்.

வெளிநாட்டு உதவிக்காரர் ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது அத்தானிடம் ஒரு சின்ன சோலார் தகடு கொடுத்துவிட்டுப் போனாராம். அத்தான் அதை முற்றத்தில் வெயில் படும் இடத்தில் கதிரையில் சாய்த்து வைத்து, பழைய கார் பட்டறி ஒன்றில் கரண்ட் ஏற்றுவார். பின்னேரம் அயலட்டை எல்லாம் அவர்கள் வீட்டுக்கு ரேடியோச் செய்தி கேட்க வரும். அத்தானுக்கு அதில் ஒரு பெருமை. "உன்னை மாதிரித்தான்" என்றாள் என்னைப் பார்த்து. பொம்மரோ ஹெலியோ சத்தம் கேட்டால் தகட்டின்மேல் சாக்கைப் போட வேண்டும். மினுங்கினால் மேலே இருப்பவனுக்கு என்னவென்று தோன்றுமோ, யாருக்குத் தெரியும். சாக்குப் போடுவது அக்காவின் வேலை. அவளுக்குத்தான் காது கூர்மை.

"அண்டைக்கு நான் கிணத்தடியில குளிச்சுக்கொண்டு நிண்டனான். தலையில தண்ணி வாக்கேக்க ஒண்டும் கேக்காதுதானே. சவுக்காரம் வேற. நான் கண்ணைத் துறக்க அது மேல வந்திட்டுது. அவர் விறாந்தையில இருந்தவர். பங்கருக்குள்ள போயிருக்கலாம். போகேல்லை. சாக்கை எடுத்துக்கொண்டு முத்தத்துக்கு ஓடினவர்."

மனைவி கையிலிருந்த கத்தியை வைத்துவிட்டாள்.

"சாக்குப் போட்டபடியே கிடந்தது பிள்ளை. வடிவா, நாலு மூலையும் இழுத்துப் போட்டிருந்தார். நான் பிறகு சாக்கைத் தூக்கிப் பார்த்தனான். கண்ணாடியில ஒரு கீறல்கூட இல்லை."

அதன் மினுக்கத்தைக் கண்டுதான் குண்டு போட்டார்களா, இல்லை சும்மா போட்டது அங்கே விழுந்ததா என்று யாருக்கும் தெரியாது. அதை அவளிடம் நான் கேட்கவில்லை. அவள் தன்னிடமே அதை எத்தனை முறை கேட்டிருப்பாள் என்று நினைக்க எனக்குப் பயமாக இருந்தது. வெயிலை யாரும் வெட்ட ஏலாது என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த காலத்தில், அவள் சாக்குப் போட்டு அதை வெட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த வசனம் அன்றோடு என் வாயில் வரவில்லை.

கூட்டத்துக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. கம்பனி எங்கள் வீட்டுக் கணக்கைத்தான் தூக்கிப் பிடிக்கப் போகிறது என்று ஏற்கெனவே காதில் விழுந்திருந்தது. பிஜிக்காரருக்கு உண்மையைச் சொல்லாமல் இருக்க மனம் கேட்கவில்லை. ஒடாஹுஹுவுக்குப் போய்ச் சொன்னேன். அவர் கையிலிருந்த குழாயைப் போட்டுவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார்.

"அப்படியானால் பெட்டியில் குறையில்லை! கூட்டத்தில் எழுந்து சொல்லு பாய். ஒரு பெண் போர்வை போட்டு மூடினாள் என்று சொல்லு. முடிந்தது கதை."

சொல்ல முடியாது என்றேன். அக்காவின் விண்ணப்பம் உள்ளே இருக்கிறது. பத்திரிகைக்காரர் வருவார்கள். விமானத்துக்குப் பயந்து கூரையை மூடும் பெண் என்று எழுதினால், இது மூளை குழம்பிய கேஸ், திருப்பி அனுப்பு என்று யாராவது ஓர் அதிகாரி நினைத்துவிட்டால்? மனைவி இதைச் சொல்லி அழுதிருந்தாள். அந்தப் பயம் நியாயமோ இல்லையோ, விசாவுக்குக் காத்திருக்கும் வீட்டில் நியாயம் பார்த்துப் பயப்படுவதில்லை. அதைவிட, அத்தானின் சாவை ஒரு மண்டபம் நிறைய ஆட்களுக்கு முன்னால் மீட்டர் கணக்குக்கு விளக்கமாக வைக்க எனக்கு நாக்கு எழாது.

அவருடைய முகம் கறுத்தது. "என் பெயர் போகும். பரவாயில்லையா?" என்றார். அவர் திரும்பிக் குழாயை எடுத்து வேலையைத் தொடங்கினார். போய் வருகிறேன் என்றதற்கும் தலை நிமிரவில்லை.

கூட்டம் பின்னேரம், இன்னும் வெயில் இருக்கையிலேயே தொடங்கியது. நானும் வருகிறேன் என்று அக்கா அடம்பிடித்தாள். சேலைக்கு மேல் மனைவியின் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு எனக்கும் மனைவிக்கும் நடுவில் அமர்ந்திருந்தாள். பிஜிக்காரர் முன்வரிசையில், கோட்டும் சூட்டுமாக. எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கம்பனிக்காரர் கெட்டவர் மாதிரி இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். மெல்லிய குரல், நல்ல சிரிப்பு. வெளிச்சப் பெட்டியில் கண்ணாடித் தாள்களை ஒவ்வொன்றாக வைத்துச் சுவரில் காட்டினார். நாங்கள் வெயிலுக்கு எதிரிகள் இல்லை என்றார். இந்த நாட்டு மின்சாரத்தில் பெரும்பங்கு ஆற்றிலிருந்து வருகிறது, எதற்கு அவசரம் என்றார். சில வருடங்களுக்கு முன் மழை பொய்த்து ஏரி வற்றியபோது சுடுதண்ணீரை அளந்து தந்தீர்களே என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். அது தனிக்கதை என்றார். புகைக்கு வரி போட்டால் முதலில் அடிபடுவது புதிதாகக் குடியேறிய ஏழைக் குடும்பங்கள்தான் என்று சொல்லிவிட்டு எங்கள் பக்கமாகக் கனிவோடு பார்த்தார். என் காதுகள் சுட்டன.

பிறகு அடுத்த தாளை வைத்தார். சுவரில் எங்கள் வீடு. கடலைப் பார்த்த டெக், தகரக்கூரை, வடக்கைப் பார்த்த கண்ணாடி. யாரையும் குறைசொல்லவில்லை, இந்த வீட்டார் வெயிலில் மிகுந்த நம்பிக்கை உள்ளவர்கள், ஆனாலும் நல்ல கோடையில்கூட இங்கே மிச்சம் ஒன்றுமில்லை என்றார். மற்ற வீடுகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒரு வீட்டில் இப்படி என்றால், வயோதிபர்களை நம்பி எப்படி விடுவது என்று கேட்டார்.

அக்கா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கட வீடெல்லே?"

"ஓம்."

"என்னாலதானே கதைக்கினம்?"

தலைமை தாங்கிய பெண்மணி, வீட்டுக்காரர் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். வாய் நீளமான நான், எழுந்து நின்றேன், ஒன்றும் வரவில்லை. அப்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு தானும் எழுந்தாள். "நான் சொல்லுறன் தம்பி. நீ இங்கிலீசில சொல்லு. எல்லாத்தையும் சொல்லு" என்றாள். மண்டபம் முழுக்க எங்களைத் திரும்பிப் பார்த்தது. மனைவி அவளுடைய சேலையைப் பிடித்து, "மச்சாள், வேண்டாம், இருங்கோ" என்றாள். அவள் இருக்கவில்லை.

முன்வரிசையிலிருந்து ஒரு கதிரை கிறீச்சிட்டது. பிஜிக்காரர் எழுந்தார். அக்காவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"அந்த வீட்டுக்காரரைக் கேட்டுப் பயனில்லை" என்றார் ஆங்கிலத்தில், வழக்கமான பெரிய குரலில். "பிழை என்னுடையது. அந்த வீட்டில் ஒரு வால்வு வைக்க மறந்துவிட்டேன். பகலில் ஏறிய சூடு இருட்டியதும் திரும்பிக் கூரைக்கே போயிருக்கிறது. இப்போதுதான் கண்டுபிடித்தேன்."

சிலர் சிரித்தார்கள். கம்பனிக்காரர் பணிவாகத் தலையசைத்து, பார்த்தீர்களா, வேலைதெரிந்தவர்களுக்கே இந்தத் தடுமாற்றம் என்றார். பிஜிக்காரர் உட்கார்ந்தார். அவருடைய பின்கழுத்து சிவந்திருந்ததை நான் இருந்த இடத்திலிருந்து பார்த்தேன். அந்த வால்வை அவர் வைத்ததை நானே பக்கத்தில் நின்று பார்த்திருந்தேன்.

"என்ன சொல்லுறார்?" என்று அக்கா கேட்டாள்.

சொன்னேன். முழுவதையும், அப்படியே சொன்னேன். அவள் மெல்ல உட்கார்ந்தாள். மீதிக் கூட்டம் முழுக்க அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நகரசபை வயோதிபர் வீடுகளுக்குச் சாதாரண சிலிண்டரையே வைத்தது. புகை வரியும் அந்தக் காலத்தில் கிடப்பில்தான் போனது. ஒடாஹுஹுக் கொட்டகை கொட்டகையாகவே இருந்தது. கம்பனி இதற்கெல்லாம் எங்கள் வீட்டை மட்டும் நம்பியிருக்கவில்லை என்று தெரியும். ஆனாலும் எனக்கு ஆற்றாமை தீரவில்லை. அவர் சொன்ன பொய் அக்காவைக் காப்பாற்றியது, அதே பொய் கம்பனிக்கும் கைகொடுத்தது. யாரோடு சண்டை பிடிப்பது என்று தெரியாமல் பல நாள் வீட்டில் கதவுகளை அடித்துச் சாத்தினேன்.

கூட்டம் முடிந்த அன்று, கார் நிறுத்துமிடத்தில் பிஜிக்காரர் எங்களிடம் வந்தார். அக்கா கைகூப்பினாள். அவர் என்ன சொல்வதென்று தேடி, கடைசியில், "அக்கா. சோறு" என்றார். மறுவாரம் வந்து சாப்பிட்டார். வால்வைப் பற்றி ஒரு சொல் எடுக்கவில்லை. தன் பெட்டியைப் போல இந்தத் தென்கடலில் வேறு இல்லை என்று மட்டும் மறக்காமல் சொன்னார்.

அதன் பிறகு அக்கா பெட்டியை மூடுவதை விட்டுவிட்டாள். பயம் போய்விட்டது என்று எண்ணிக்கொண்டேன். ஒரு விடுமுறை நாளில்தான் கண்டேன். டெக்கில் ஒரு கதிரையைப் போட்டு, மண்ணிறப் போர்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வெயில் ஏறிய நேரத்திலிருந்து இறங்கும்வரை அப்படியே. சமையலை அதற்கு முன்பே முடித்துவிட்டிருந்தாள்.

"இனி மூடமாட்டன் தம்பி. அந்த மனுசன்ர வேலை கெட்டுப் போகக் கூடாது. சும்மா பாத்துக்கொண்டிருக்கிறன்."

அளந்து பார்க்கும் காலம் முடிந்து மீட்டரையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அளப்பதற்கு யாரும் இல்லை. எங்கள் வீட்டில் தண்ணீர் கொதித்தது. கரண்ட் பில் குறைந்தது. எனக்கு அந்தத் தண்ணீரில் குளிக்கப் பிடிக்கவில்லை. ஷவரைத் திறந்தால் அது தலையில் விழும் சத்தத்துக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று காது கொடுக்கத் தொடங்கிவிடுவேன்.

அவளுடைய விண்ணப்பத்துக்கு நல்ல பதில் வந்த வாரம், ஒரு சனிக்கிழமை மத்தியானம், துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"தம்பி, வெக்கையாக் கிடக்கு. நான் ஒருக்காக் குளிக்கப் போறன். நீ இதில கொஞ்சம் இரு."

போர்வையை என் கையில் தந்தாள். பகலில் அவள் குளிக்கப் போவது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கதிரையில் உட்கார்ந்தேன். கண்ணாடியால் கண் கூசியது. கடல் வற்றிச் சேறாகக் கிடந்தது. பக்கத்து வீட்டில் யாரோ புல்வெட்டினார்கள். உள்ளே தண்ணீர் விழத் தொடங்கியது, வெயில் காய்ச்சிய தண்ணீர், அவளுடைய தலையில், அவளுக்கு ஒன்றும் கேட்காதபடி. பிறகு கடலுக்கு அப்பால் ஒரு விமானம் கிளம்பியது. பயணிகள் விமானம்தான். வாலில் இருந்த நிறம்கூடத் தெரிந்தது. அது வளைந்து எங்கள் பக்கம் திரும்பியது. சத்தம் பெருத்தது.

நான் எழுந்தது எனக்கு நினைவில்லை. அக்கா ஈரத் தலையோடு டெக்குக்கு வந்தபோது போர்வை கண்ணாடியின்மேல் கிடந்தது. நாலு மூலையையும் இழுத்துப் போட்டிருந்தேன். அதன்மேல் இரண்டு கையையும் ஊன்றி நின்றிருந்தேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பக்கத்தில் வந்து என் கையை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

"காணும் தம்பி, விடு" என்றாள். "அது போயிட்டுது."